உச்சிக்குழி வழியே தெரிந்தது

"ஸ்கேன் படம் பார்க்க வந்துருச்சு டாக்டர். பேசத்தான் வரலை" என்றார் பிரான்சிஸ்.

பெரியவர்களின் வயிற்றையும் கிட்னியையும் ஸ்கேன் செய்தே தலை நரைத்த டாக்டர் அவர். குறைமாதக் குழந்தைகளின் மூளையை ஸ்கேனில் பார்க்கக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவரான பெண் டாக்டர் ரஹ்மத்திடம் வந்து சேர்ந்திருந்தார். அதில் அவருக்கு வெட்கமே கிடையாது.

"என்ன ஆச்சு சார்?" என்றார் ரஹ்மத்.

"இசக்கியம்மா பிள்ளைக்கு மூளையில ரத்தக்கசிவு. இப்படி இருக்கிற பிள்ளைங்கள்ல நூத்துக்கு அறுபது நல்லா வந்துரும்னு ஆறுதலாச் சொன்னேன். 'எம்புள்ள அறுவதுல சேத்தியா, நாப்பதுல சேத்தியா?'ன்னு கேட்டுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவசர வேலை இருக்குன்னு வந்துட்டேன்."

படித்த படிப்பெல்லாம் சமயம் பார்த்துத்தான் காலை வாரிவிடும்.

ரஹ்மத் எழுந்தார். "வாங்க."

இன்குபேட்டருக்குள் இரண்டு கையால் அள்ளிவிடும் அளவில் கிடந்தாள் குழந்தை. ரஹ்மத் வெதுவெதுப்பான ஜெல்லை எலும்பு மூடாத உச்சிக்குழியில் தடவி, ஸ்கேன் கருவியை அழுத்தாமல் வைத்தார். திரையில் கறுப்புக்கு நடுவே ஒரு வெள்ளைத் திட்டு; கசிந்த ரத்தம். பிரான்சிஸ் பார்த்தது சரிதான்.

இசக்கியம்மா திரைப் பக்கமே திரும்பவில்லை. ரஹ்மத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தேறிருவாளாம்மா?"

"எனக்குத் தெரியலை இசக்கியம்மா. ரத்தம் கசிஞ்சிருக்கு. கூடுதா, நிக்குதான்னு அடுத்த வாரம் திரும்பப் பார்ப்போம்."

பிரான்சிஸ் ரஹ்மத்தைத் திரும்பிப் பார்த்தார். இதைச் சொல்வதற்கா இத்தனை வருஷப் படிப்பு?

ரஹ்மத் கருவியைத் துடைத்து வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இசக்கியம்மா அழுதாள். விசும்பல் அடங்கிய மாதிரி இருக்கும், மறுபடி தொடங்கும். ரஹ்மத் எழுந்திருக்கவில்லை.

"வெரலு மட்டும் அவ அப்பா மாதிரி" என்றாள் ஒருவழியாக.

"ஆமா. நல்ல நீளம்."

பிரான்சிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குனிந்து ரஹ்மத்தின் காதோரம் கேட்டார்.

"அவ கேட்டதுக்கு நீங்களும் பதில் சொல்லலையே. இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

"பதில் இருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேனே சார்."