காரின் மூக்கில் கட்டிய ஃபிளெக்ஸ்

வியாபாரிகள் சங்கத் தேர்தலில் ஜெயித்த தனகோடி, ஊர்வலத்துக்காகத் தன் முகம் போட்ட ஃபிளெக்ஸைக் காரின் முன்பக்கம் முழுக்க மூடிக் கட்டச் சொன்னார்.

"காத்துப் போகாது அண்ணாச்சி, இன்ஜின் சூடாயிரும்" என்றார் டிரைவர் சவரிமுத்து. வீட்டில் பேச ஆளில்லாமல் அந்தக் காரோடு பேசியே காலம் தள்ளுகிற மனுஷன். சொன்னது எடுபடவில்லை.

பைபாஸில் புகை கக்கி இன்ஜின் இறுகி நின்றது. ஊர்வலமே வேடிக்கை பார்க்கத் தனகோடி கத்தினார்: "ஏல, இன்ஜினக் கொன்னவன் யாருன்னு இப்பவே காட்டு! இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத!"

சவரிமுத்து ஃபிளெக்ஸை அவிழ்த்து அவர் முன்னால் விரித்துப் பிடித்தார். "ஆளோட படமே இருக்கே, அண்ணாச்சி."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தனகோடி வேறு காரில் ஏறிப் போனார். சிரித்தவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

சவரிமுத்து மட்டும் நின்றுபோன காருக்குள் உட்கார்ந்து, "எப்படிச் சொன்னேன், பாத்தியா?" என்று சாவியைத் திருகினார்.

பதில் வரவில்லை.