ஜெபசிங் கிட்டாரின் சொந்த எண்

தூத்துக்குடி ஆசீர்வாதம் ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய குரு ஹெப்சிபாவுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. கிட்டாரின் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் அந்தச் சின்னக் கம்பிச் சுருள், அவள் கையில் சுற்றினால்தான் பேசும் என்பார்கள். இவர் அவளை டீச்சர் என்றார். அவள் இவரை அண்ணாச்சி என்றாள்.

அன்று அவர் தம்பியின் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

தம்பி ஜெபசிங் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. ஞாயிறு நினைவு ஆராதனையில் அவன் மகள் அந்தக் கிட்டாரை வாசிக்க வேண்டும். ஆனால் மீட்டினால், சத்தம் தகரத்தில் ஆணி கிழிப்பதுபோல் கூசியது. “இது அப்பா கிட்டாரே இல்ல, பெரியப்பா” என்று அழுதுவிட்டாள்.

“பிக்கப் கெட்டுப்போச்சு டீச்சர். பிரிச்சு புதுசா சுத்திரட்டுமா?”

“அளந்தீகளா?”

“அளந்துதான் தலை சுத்துது. ஓம் கணக்கு, அதான் கம்பியோட மின்தடை, எப்பவும்போலதான் இருக்கு. எந்த அதிர்வெண்ல சத்தம் உச்சத்துக்குப் போகுதுன்னு பாத்தேன். பிக்கப்பத் தனியா வச்சா எட்டு கிலோஹெர்ட்ஸ். அளக்குற ஸ்கோப்போட வயர மாத்துனா ஆறு. கிட்டார்ல மாட்டி அளந்தா அஞ்சுகூட வரல. எதை நம்ப?”

ஹெப்சிபா கிட்டாரில் கேபிள் செருகும் துளையைப் பார்த்தாள்.

“தம்பி கோயில்ல எங்க நின்னு வாசிப்பாரு?”

“கடைசித் தூணுக்குப் பின்னால. கூச்சப்படுவான். முன்னால இருக்க ஆம்ப்ளிஃபயர்லேர்ந்து அம்மாம் நீளத்துக்குக் கேபிள் இழுத்துட்டு வருவான்.”

“இப்ப?”

“அது அத்துப்போச்சு. குட்டையா, நல்லதா ஒண்ணு வாங்கிட்டேன்.”

அவள் அலமாரியிலிருந்து ஒரு கேபிள் சுருளை எடுத்தாள். அறையைத் தாண்டி முற்றம் வரை நீளும் போலிருந்தது. அதன் ஒரு முனையைக் கிட்டாரிலும் மறுமுனையை ஆம்ப்ளிஃபயரிலும் செருகினாள்.

“வாசிங்க.”

ஆசீர்வாதம் ஒரு தந்தியைத் தட்டினார். அந்தத் தகரக் கூச்சம் போய்விட்டது. சத்தம் கனிந்து, கொஞ்சம் மங்கி, தூணுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் வந்தது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று.

“இப்ப அளங்க.”

அளந்தார். மூன்று.

தெளிந்த மாதிரி இருந்த முகம் மறுபடி குழம்பியது. ஸ்கோப்பைப் பார்த்தார், கேபிளைப் பார்த்தார்.

“இது கேபிளும் சேர்ந்த கணக்கு. அப்படின்னா எட்டுதானே டீச்சர் இதோட சொந்த எண்? எதுவும் ஒட்டாம, தனியா இருக்கும்போது?”

“தனியா இருக்கும்போது அதை யாரு கேட்டிருக்கா, அண்ணாச்சி?” என்றாள் ஹெப்சிபா.