மூன்று முறை ஏறிய லாரி

மரகதவேல் இருபது வருஷம் லாரி எடைமேடையில் இருந்தவர். எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். அந்த வேலையை விட்டுவிட்டு மலையடிவார மடத்துக்கு வந்தார். மூலிகைத் தோட்டத்தைக் கவனித்தபடி மடத்தின் குரு நாச்சியாரிடம் பாடம் கேட்டார். குரு அவரைவிடப் பதிமூன்று வயது இளையவர். அவர் குருவைத் தாயே என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

ஐம்பது வயதில் அவருக்குத் தாவரவியல் படிக்கும் ஆசை வந்தது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு அரசுப் பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்தன. நாளைக் காலை பத்து மணிக்குள் ஏதாவது ஒன்றில் போய்ச் சேராவிட்டால் இரண்டும் போய்விடும்.

அவர் ஒரு தாளை நீட்டினார். பென்சிலில் கட்டம் போட்டிருந்தது.

"எதுல சேர, தாயே?"

"படிங்க, கேக்கிறேன்."

"வடக்கே வருஷத்துக்குப் பதினோராயிரம். விண்ணப்பம் போட்டா நூத்துக்கு ஒன்பது பேருக்குத்தான் இடம். சேர்ந்தவங்கள்ல தொண்ணூத்துநாலு பேர் முடிச்சிடறாங்க. தெற்கே பதினெட்டாயிரம். நூத்துக்கு எழுபது பேருக்கு இடம் கிடைக்குது. சேர்ந்தவங்கள்ல முடிக்கிறவங்க நூத்துக்கு ஐம்பத்தெட்டுதான். அங்க ஒரு பெரணிச்செடித் தோட்டம் இருக்கு. அதை எந்தக் கட்டத்துல போடறதுன்னு தெரியல."

"என்ன பயம்?"

"தெற்கே போயி நான் பாதியில விட்டுட்டா?"

"இந்த மடத்துல கேட்டவங்க எல்லாருக்கும் இடம். இதுவரைக்கும் முடிச்சவங்க எத்தன பேர்?"

"ஒருத்தரும் இல்ல."

"ஆறு வருஷமா இருக்கீங்களே."

மரகதவேல் சிரித்துவிட்டார்.

குரு தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வடக்கின் கட்டங்கள் பளிச்சென்று இருந்தன. தெற்கின் கட்டங்களில் அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது. ஓரிடத்தில் ஓட்டையே விழுந்து, வெயில் அதன் வழியே குருவின் மூக்கில் பட்டது.

"இது என்ன?"

"விடுதிச் செலவைக் கழிச்சுப் பார்த்தேன். அப்புறம் நடுவுல வேலை கிடைச்சுப் போனவங்களக் கழிச்சேன். கல்யாணமாகிப் போனவங்களையும் கழிச்சேன்."

"கழிச்சும்?"

"வடக்குதான் ஜெயிக்குது."

"வடக்குக்கு?"

"அதை ஒரு தடவதான் எழுதினேன்."

குரு தாளை மடித்தார்.

"எடைமேடையில ஒரு லாரிய எத்தன தடவ ஏத்துவீங்க, அண்ணாச்சி?"

"ஒரு தடவ."

"மூணு தடவ ஏத்தினதே இல்லையா?"

மரகதவேல் தலையைச் சொறிந்தார். "வேண்டியவன் லாரின்னா ஏத்துவேன்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"தெற்கே போற பஸ் மூணரைக்கு," என்றார் குரு. "புளிச்சோறு கட்டச் சொல்லியிருக்கேன்."