கீழிருந்து இரண்டாவது வரி

தடும்.

பலகைத் தரையில் வெறுங்காலால் ஓங்கி ஒரு மிதி.

காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மலைப் பள்ளியில், பூரணம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேட்ட சத்தம் அது. மணி அடித்துப் பயனில்லாத இடம். மூத்த ஆசிரியர் தரையை மிதித்தார். அதிர்வு பலகை வழியே ஓடி உள்ளங்கால்களைத் தொட்டது. இருபது தலைகள் ஒன்றாகத் திரும்பின.

முப்பத்தேழு வருடம் ஆகிவிட்டது. இன்னமும் மனசு திடுக்கிடும்போதெல்லாம் பூரணத்துக்கு அந்த மிதிதான் கேட்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மடியில் லேப்டாப் பையோடு முதல் பஸ்ஸில் மலையிறங்கி வந்தபோது, கடையநல்லூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தது.

கடைத்தெருவில் மைதீன் பாத்துவின் பிரவுசிங் சென்டர். முன்னறையில் ஜெராக்ஸ், ஆதார், பரீட்சை விண்ணப்பம். பின்னறையில் நாலைந்து பழைய கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் லினக்ஸ். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அந்த அறையை மடம் என்பார்கள்.

மடத்துக்கு ஒரே விதி. எத்தனை வயதானவராக இருந்தாலும் மைதீன் பாத்துவை 'ராத்தா' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்கள் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் பெயர். பூரணத்துக்கு ஐம்பத்தொன்பது, ராத்தாவுக்கு நாற்பத்தைந்து. முதல் நாள் வாய் கூசியது. இரண்டாம் நாள் பழகிவிட்டது.

"ராத்தா, மோசம் போயிட்டேன்."

"உக்காருங்க டீச்சர். தண்ணி குடிங்க."

"பாடம் ஒண்ணுகூட மலையில ஓடலை. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு."

பாடம் என்று அவள் சொன்னது இருநூற்றுப் பன்னிரண்டு வீடியோக்களை. காது கேளாத ஓர் ஆசிரியர் பத்தாம் வகுப்பு அறிவியலையும் கணக்கையும் முழுக்கச் சைகை மொழியில் நடத்தி ஒரு வலைத்தளத்தில் போட்டிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமையோடு அந்தத் தளத்தை மூடுகிறார்கள்.

மலையில் சிக்னல் கிடையாது. பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் இரண்டு வருடமாகக் காலி. பூரணம் தமிழ் டீச்சர். ஜூனில் அவளுக்கும் ஓய்வு. அடுத்த வருடம் பதினோரு பிள்ளைகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, நெட்டில் யாரோ எழுதிவைத்திருந்த ஒரு கட்டளையைப் பார்த்துத் தட்டி, எல்லாப் பாடத்தையும் சேமித்துக்கொண்டு போயிருந்தாள்.

"கால் மணி நேரத்துல எரநூத்திப் பன்னெண்டையும் இறக்கினாங்க ராத்தா" என்றார் மூலையிலிருந்து உரக்கடை சங்கரநாராயணன். மடத்தின் நிரந்தர மாணவர். "நான்கூட அசந்துட்டேன். ராக்கெட் டீச்சர்னு பேர் வச்சிருந்தேன்."

ராத்தா லேப்டாப்பைத் திறந்து, நெட் வயரைச் செருகி, முதல் பாடத்தைத் தட்டினாள்.

திரையில் ஒரு மனிதர் வந்து நின்றார். கைகள் பேசின. பின்னால் வேறு யாரோ குரலில் விளக்கம் சொன்னார்கள்.

"ஓடுதே."

"இங்க ஓடுது. அங்க ஓடலை. பிள்ளைங்க எல்லாம் முன்னால உக்காந்து கறுப்புத் திரையையே பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. ஒரு மணி நேரம் ராத்தா. ஒண்ணும் எந்திரிச்சுப் போகலை."

"மலைச்சாமிக்கு ஆகலையோ என்னவோ" என்றார் சங்கரநாராயணன். "ஒரு தேங்காய் உடைச்சுப் பாருங்க."

ராத்தா நெட் வயரைப் பிடுங்கினாள்.

கைகள் பாதிச் சொல்லில் நின்றன.

பூரணம் வயரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள்.

ராத்தா அதே கோப்பை, எழுத்து வாசிக்கிற ஜன்னலில் திறந்து வைத்தாள். "வாசிங்க டீச்சர்."

வரி வரியாக நெட் விலாசங்கள். முதல் துண்டு இந்த இடத்தில். இரண்டாவது துண்டு இந்த இடத்தில். மூன்றாவது துண்டு இந்த இடத்தில். இருநூற்றுச் சொச்சம் வரிகளும் அதுவே.

"இது பாடம் இல்லையே."

"இல்ல."

"பாடம் எங்கெங்க இருக்குன்னு எழுதின பட்டியல்."

"ஆமா."

பூரணம் பட்டியலைக் கடைசி வரி வரை பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "ஏட்டுச் சுரைக்காய்."

"அதை வச்சு மலையில கறி வைக்கப் பாத்தீங்க" என்றாள் ராத்தா.

பூரணத்துக்குச் சிரிப்பு வந்தது. கண்ணீரும் வந்தது. இரண்டையும் ஒரே முந்தானையில் துடைத்தாள்.

சரியான கட்டளையை ராத்தா எழுதிக் கொடுக்கவில்லை. சொன்னாள். பூரணம் ஒற்றை விரலால் தட்டினாள். துண்டுகளையெல்லாம் வரிசையாகப் பொறுக்கி வந்து ஒன்றாகத் தைக்கிற கட்டளை. நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

"எந்தத் தரத்துல வேணும்னு போடணும் ராத்தா?"

"இதுல என்ன யோசனை?" சங்கரநாராயணன் நாற்காலியோடு உருண்டு வந்தார். "பெஸ்ட்டுன்னு போடுங்க டீச்சர். குறைஞ்ச தரத்துல இறக்கினா அது இறக்கினதுக்கே சேர்த்தி இல்ல. என்கிட்ட நாலாயிரம் படம் இருக்கு. எல்லாம் பெஸ்ட்டு."

"எத்தனை பாத்திருக்கீங்க?"

"பாக்கதுக்கா டீச்சர் இறக்குதோம்?"

பூரணம் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். ராத்தா முன்னறையில் யாருக்கோ ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க பாடம் டீச்சர்" என்ற குரல் மட்டும் வந்தது.

பூரணம் ஆகச் சிறந்த தரத்தைக் கேட்டுத் தட்டினாள். அவளுடைய பிள்ளைகளுக்கு இதுவரை எது கிடைத்தாலும் இரண்டாம் தரம்தான் கிடைத்திருக்கிறது. பழைய பெஞ்சு, பழைய புத்தகம், இந்த லேப்டாப்கூட யாரோ வேண்டாமென்று கொடுத்தது. இதிலாவது நல்லதாக இருக்கட்டும்.

லேப்டாப்பை மடத்திலேயே ஓடவிட்டு, மலைக்குப் போகிற பஸ்ஸில் தகவல் சொல்லியனுப்பிவிட்டு, அதே ஊரில் அக்கா மகள் வீட்டில் தங்கினாள்.

புதன்கிழமை மதியம் வந்து எண்ணிப் பார்த்தாள். பதினொன்று.

ஒரு பாடத்துக்கு இரண்டு மணி நேரம். நடுவில் இரண்டு தடவை கரண்ட் போயிருந்தது. வெள்ளி சாயங்காலம் வரை ராப்பகலாக ஓடவிட்டாலும் நாற்பது தேறாது. நாற்பதுக்கே லேப்டாப்பில் பாதி இடம் போய்விடும்.

நெஞ்சுக்குள் மிதி விழுந்தது.

ஒரு தாளில் எல்லாப் பாடத்தின் பெயரையும் எழுதினாள். பென்சிலை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். ஒளியியலை அடித்தாள். அழித்துவிட்டு மின்சாரத்தை அடித்தாள். மரபியலுக்கு வந்தபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"எதை விடட்டும் ராத்தா?"

"ஏன் விடணும்?"

"விடாம முடியாது. நேரமும் இல்ல, இடமும் இல்ல."

"அப்ப விடத்தான் வேணும்."

"எதை? நீங்க சொல்லுங்க. நான் அடிச்சிடுறேன். எனக்குக் கை வரலை."

ராத்தா எழுந்தாள். முன்னறைக்குப் போய், மேசைமேல் இருந்த மானிட்டரைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தாள். தளத்திலிருந்து ஏதோ ஒரு பாடத்தை ஓடவிட்டாள்.

"எதிர்த்தாப்புல டீக்கடை இருக்குல்லா? அங்க போய் நின்னு ஒரு டீ குடிங்க. குடிச்சிட்டு வந்து, இவரு என்ன நடத்தினாருன்னு சொல்லுங்க."

"இப்ப டீ குடிக்கிற நேரமா ராத்தா?"

"மடத்துல எதிர்க்கேள்வி கேக்கப்படாது."

"அது எப்ப இருந்து?"

"இப்ப இருந்துதான்."

பூரணம் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். உள்ளுக்குள் கோபம். ஒரு பாடம் இறங்கும் நேரத்தில் ஒரு டீ. அடுத்தது என்ன, வடையா?

டீக்கடை வாசலில் நின்றாள். செங்கோட்டை பஸ் ஒன்று ஹாரனை அமுக்கிக்கொண்டே போனது. அதன் பின்னால் ஒரு லாரி. டீக்கடை ரேடியோவில் யாரோ பாடினார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் மானிட்டர் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதற்குள் அந்த மனிதர்.

அவர் முஷ்டியை மார்பருகே வைத்துத் திறந்து மூடினார். திறந்து மூடினார்.

இதயம்.

ஓர் உள்ளங்கையை நாலாக வகுத்தார். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. பிறகு இரண்டு கைகளையும் கதவாக்கினார். இந்தப் பக்கமிருந்து தள்ளினால் திறக்கிறது. அந்தப் பக்கமிருந்து தள்ளினால் திறக்கவில்லை. போன இரத்தம் திரும்பி வராத கதவு.

நடுவில் ஒரு பஸ் மறைத்தது. பூரணம் குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தாள்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. தன் மார்புக்குள் இப்படி ஒரு கதவு இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீயில் ஆடை படிந்திருந்தது. ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தெருவைத் தாண்டினாள்.

வந்ததும் சொன்னாள். வாயால் பாதி, கையால் மீதி. நாலு அறை, கதவு, போகிற இரத்தம், வருகிற இரத்தம், ஒன்றும் விடாமல்.

சங்கரநாராயணன் வாயைப் பிளந்தார். "அவ்வளவு தூரத்துல இருந்தா? எனக்குக் கண்ணாடி போட்டாக்கூட அவரு கையா காலான்னு தெரியாது."

"எங்களுக்குப் பழக்கம் சார். விளையாட்டுத் திடல்ல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்குப் பேசிக்குவோம்."

"சரி, அந்த பஸ் இரைச்சல்ல அவருக்குப் பின்னால பேசுத குரல் எப்படிக் கேட்டுது?"

"அது எதுக்கு சார் கேக்கணும், நாங்க..."

அவள் நிறுத்தினாள்.

ராத்தா கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

பூரணம் ஓடிக்கொண்டிருந்த கட்டளையை நிறுத்தினாள். ஒரு பாடம் எத்தனை வடிவத்தில் கிடைக்கிறது என்று கேட்டாள். பதினெட்டு வரி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவள் இரண்டு நாளாக இறக்கிக்கொண்டிருந்த ஆகச் சிறந்தது. அங்கிருந்து விரலை வைத்துக் கீழே, கீழே வந்தாள். கடைசி வரியில் நின்றாள். மிகச் சிறிய படம். பக்கத்தில் 'படம் மட்டும்' என்று இருந்தது.

அதை இறக்கினாள். மூன்று நிமிடம்.

ஓடவிட்டுப் பார்த்தாள். முகத்தை அருகில் கொண்டுபோனாள்.

"ஆகாது."

"ஏன் டீச்சர்?"

"விரல் ஒட்டுது. எழுத்து எழுத்தா விரல்ல சொல்லுற இடம் வரும். அங்க எல்லாம் ஒண்ணாத் தெரியும்."

அதற்கு மேல் வரியை இறக்கினாள். அதுவும் படம் மட்டும்தான். ஆறு நிமிடம்.

"இது சரி. விரல் பிரிஞ்சிருச்சு."

ராத்தா குனிந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"உங்களுக்குத் தெரியாது ராத்தா" என்றாள் பூரணம்.

ராத்தா தலையாட்டினாள். "எனக்குத் தெரியாது."

பூரணம் தானே கைநீட்டி நெட் வயரைப் பிடுங்கினாள். பாடத்தை மறுபடி முதலிலிருந்து வைத்தாள். சின்னப் படம். ஓரம் கொஞ்சம் மங்கல். அந்த மனிதர் வணங்கினார். கைகள் தொடங்கின. நிற்கவில்லை.

சங்கரநாராயணன் பதறி எழுந்து வந்து ஸ்பீக்கரைத் திருகினார். முழுக்கத் திருகினார். வயரை ஆட்டினார்.

"ஐயையோ டீச்சர், சத்தம் வரலையே!"

பூரணம் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கு?"

வியாழன் சாயங்காலம் கடைசிப் பாடம் இறங்கியது. வெள்ளிக்கிழமை தளத்தை மூடினார்கள்.

அடுத்த வருடம் பதினோரு பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். தேறாத இருவரில் ஒருத்தி பெயர் நீலவேணி. மறுதேர்வு எழுதித் தேறினாள். இப்போது தென்காசியில் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறாள்.