பிரிமணைக்குள் புளி

டொக். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டொக்.

மாடிப்படியில் ஏறும்போதே சங்கரலிங்கத்துக்கு அந்தச் சத்தம் கேட்டது. காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்தியரிடம் தூக்கி வருகிறவர் மாதிரி, கணினிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்து மூச்சு வாங்க ஏறினார்.

மேலே பிலோமினா டீச்சர் சாக்கு விரித்து உட்கார்ந்து, வருஷத்துப் புளியைத் தட்டித் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். கணினியை இயக்கும் லினக்ஸைத் துண்டு துண்டாகச் சேர்த்துத் தன் கையாலேயே கட்டிக்கொள்ளும் வித்தையை அந்த ஊரில் பலருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். சங்கரலிங்கம் அவரைவிட மூத்தவர். சீடர்களில் அதிகம் சண்டை பிடிக்கிறவரும் அவர்தான்.

“டீச்சர், வாய் அடைச்சுப்போச்சு.”

“உங்களுக்கா? நல்லதுண்ணே.”

“இதுக்கு.” பெட்டியை இறக்கி வைத்தார்.

டீச்சர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அந்தப் பெட்டி எதற்கு என்று அவருக்குத் தெரியும். சங்கரலிங்கத்தின் மனைவி வடிவுக்குக் கண் பார்வை போய்விட்டது. இவர் துறைமுகத்துக்கு இரவு வேலைக்குக் கிளம்பியதும், வீட்டில் அவளுக்குத் துணை அந்தக் கணினியின் குரல்தான். அது கதை வாசிக்கும், கேட்டபடியே தூங்கிப்போவாள்.

“என்ன செஞ்சீங்க?”

“புதுக் கெர்னல் கட்டினேன். அதுக்கேத்த மாட்யூல் எல்லாம் போட்டேன். பழைய மாட்யூலைத் துடைச்சு எடுத்துட்டேன். அன்னையிலேர்ந்து ஊமை. திரும்பத் திரும்பக் கட்டிப் பார்த்தாச்சு.”

கெர்னல்தான் கணினியின் உயிர். மாட்யூல்கள் அதன் கைகள் மாதிரி; ஒன்று ஒலியைப் பார்க்கும், ஒன்று வலையைப் பார்க்கும். ஒரு பதிப்பின் கை இன்னொரு பதிப்பின் உடம்பில் ஒட்டாது.

“நீ யாருன்னு அதைக் கேட்டீங்களா?”

“கேட்டேனே. பழைய பதிப்பு நம்பரைச் சொல்லுது. பொய்.”

“அது ஏன் பொய் சொல்லணும்?”

“பழசைத்தான் மாத்தியாச்சே டீச்சர்! இந்தக் கையாலதான் காப்பி பண்ணினேன். ஒரு எர்ரர் வரலை.”

“வடிவக்கா என்ன சொல்றாங்க?”

சங்கரலிங்கம் சிதறிக் கிடந்த கொட்டைகளைப் பார்த்தார்.

“‘இன்னும் பழசுதான் ஓடுதோ என்னமோ, பாருங்க’ன்னா. ‘உனக்கு என்ன தெரியும்’னு கத்திட்டேன். இப்ப அவளும் பேசலை.”

டீச்சர் எழுந்தார். மூலையில், வைக்கோல் பிரிமணையின் மேல் புளி ஜாடி நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வெறும் கையோடு திரும்பி வந்து, புதுப் புளியில் ஒரு உருண்டை பிடித்து நீட்டினார்.

“ஜாடி இருக்கிற இடத்துல வைங்கண்ணே.”

ஜாடி இல்லை. பிரிமணையின் வளையத்துக்குள் வைத்தார் சங்கரலிங்கம்.

“வச்சாச்சா?”

“வச்சாச்சு.”

“எர்ரர் வந்துச்சா?”

“என்ன டீச்சர், விளையாடுறீங்களா?”

டீச்சர் உள்ளேயிருந்து ஜாடியை எடுத்து வந்தார். பிரிமணையின் மேல் பழையபடி வைத்தார். உருண்டை மறைந்துபோனது.

“இப்ப ஜாடியிலேர்ந்து புளி எடுங்க.”

மூடியைத் திறந்தார். கையில் வந்தது கறுத்த, போன வருஷத்துப் புளி.

சங்கரலிங்கம் அதைப் பார்த்தபடி நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

“பூட்!”

கெர்னல் குடியிருக்கும் அந்த ‘பூட்’ பகுதியை யாரும் கெடுத்துவிடக் கூடாதென்று அவர் எப்போதும் இணைப்பிலிருந்து கழற்றியே வைத்திருப்பார். வேண்டும்போது மட்டும் கையால் இணைத்துக்கொள்வார். அவராக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். இந்தத் தடவை இணைக்க மறந்துபோனார். கட்டிய கெர்னல் எல்லாம் அதே பெயருள்ள வெறும் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. கணினியோ எழும் ஒவ்வொரு முறையும் தானாகவே உண்மையான பகுதியைத் திறந்து, அங்கிருந்த பழைய கெர்னலைத்தான் எழுப்பியது.

டீச்சரின் மேசையில் பெட்டியைப் பொருத்தினார்கள். சங்கரலிங்கம் பூட் பகுதியை இணைத்தார். பழைய கெர்னலுக்கு வேறு பெயர் கொடுத்து ஒதுக்கினார். புதியதை அதன் இடத்தில் வைத்தார். மறுபடி இயக்கி, நீ யார் என்று கேட்டார். புது எண்ணைச் சொன்னது. மாட்யூல்கள் வந்து ஒட்டிக்கொண்டன.

என்றோ நின்றுபோன ஒரு கதையின் நடுவரியை, கொஞ்சம் மூக்கடைத்த அந்தக் குரல் வாசிக்கத் தொடங்கியது.

சங்கரலிங்கம் முகத்தைத் துண்டால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“டீச்சர், அந்தப் பழசை இப்பவே அழிச்சிடவா? இத்தனை நாளா என்னை ஏமாத்திருக்கு பாருங்க.”

டீச்சர் கறுத்த புளியில் ஒரு பிடி எடுத்து வாழை இலையில் மடித்துக்கொண்டிருந்தார்.

“அதோட கையை வெட்டி எறிஞ்சீங்க. அதுக்கப்புறமும் கூப்பிட்டப்ப எல்லாம் எழுந்து வந்துச்சு. கேட்டப்ப எல்லாம் உண்மையைச் சொல்லுச்சு.” வடிவக்காவுக்கென்று பொட்டலத்தை அவர் கையில் வைத்தார். “அதுவாண்ணே ஏமாத்துச்சு?”

சங்கரலிங்கம் பொட்டலத்தைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்தினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த அவசரம் இல்லாமல் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

கடைசிப் படியில் கால் வைக்கும்போது மேலே கேட்டது.

டொக்.