கூட்டை விட்டு நகராத முகக்கவசம்

வடக்கே வெகுதூரத்தில், ஆறு உறைந்து அதன்மேல் லாரி ஓடும் அளவுக்குக் குளிர் இறுகும் ஓர் ஊரில், ஒரு முகக்கவசம் இருந்தது. அந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பனி ஆந்தைகள் என்று பெயர். அணியின் கோல்காப்பாளன் ஆரூரன். அவன் தலையில் ஏறி உட்கார்ந்து அவன் முகத்தைக் காப்பதுதான் முகக்கவசத்தின் பிழைப்பு.

அதன் நெற்றியில் ஆந்தையின் கண்கள் இரண்டைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். வரைந்த கண்ணுக்கு மூடத் தெரியாது. ஆகவே ஆட்டத்தில் மட்டுமல்ல, பைக்குள் கிடக்கும்போதும் அது விழித்தபடியே கிடந்தது. சும்மா விழித்துக் கிடப்பவர்களைத் தேடிக் கவலை தானாக வரும். இதையும் தேடி வந்தது.

கவலைப்படத் தக்க வேலைதான், மறுப்பதற்கில்லை. ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். ஐந்து பேர் மட்டையோடு ஐஸ் முழுக்கப் பறந்து திரிவார்கள். ஆறாவது ஆளான கோல்காப்பாளன், இரும்புக் கம்பியும் வலையுமாக நிற்கும் கோல்கூட்டுக்கு முன்னால் காவல் நிற்க வேண்டும். பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டை ஆட்டத்துக்கு முன்பே குளிர்ப்பெட்டியில் போட்டுக் கல்லாக்கி எடுத்துவருவார்கள். அது வருகிற வேகத்தில் கண்ணுக்குத் தெரிவதே பெரிய விஷயம். கூட்டுக்குள் விழுந்துவிட்டால் பின்னாலிருக்கும் சிவப்பு விளக்கு எரியும். முகக்கவசத்துக்கு விளக்கு தெரியாது. காலடியில் ஐஸ் திடீரென்று சிவப்பது மட்டும் தெரியும். அந்தச் சிவப்பைக் கண்டாலே அதற்கு ஆகாது.

ஆரூரனின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து அந்த நாட்டுக்கு வந்தவர்கள். அணியில் எல்லோரோடும் அவன் ஆங்கிலம் பேசுவான். கூட்டுக்கு முன்னால் தனியே நிற்கும்போது தனக்குத்தானே முணுமுணுப்பது மட்டும் தமிழில். முகக்கவசம் பேசக் கற்றுக்கொண்ட பாஷை அதுதான். பின்னால் நின்று கேட்டுக் கேட்டுக் கோல்கூடும் அதையே கற்றுக்கொண்டது. இப்படியாக, அந்தப் பனிக்காட்டில் ஒரு முகக்கவசமும் ஒரு கூடும் யாழ்ப்பாணத் தமிழில் கதைத்துக்கொண்டிருந்தன.

பருவம் நன்றாகத்தான் தொடங்கியது. இலை உதிரும் மாதங்களில் பனி ஆந்தைகள் போன இடமெல்லாம் வென்றார்கள். முதல் எட்டு இடங்களுக்குள் வருகிற அணிகளுக்குத்தான் இறுதிச்சுற்று. மற்றவர்கள் மட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். மூன்றாம் இடத்தில் இருக்கும்போதே ஊர்க்காரர்கள் கோப்பையை எங்கே வைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு குளிர் முற்றியது, ஆட்டம் தளர்ந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மூன்று ஐந்தாகி, ஐந்து எட்டாகி, ஒன்பதில் வந்து நின்றது.

அந்த நாட்களில்தான் முகக்கவசத்துக்கு இன்னொரு கவலை பிடித்தது.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடியப்போகிற நேரத்தில் ஒரு கோல் பின்தங்கியிருந்தால், கோச் கையை உயர்த்துவார். உடனே கோல்காப்பாளன் கூட்டை அப்படியே போட்டுவிட்டு ஓரத்து வேலிக்கு ஓடி வெளியேறிவிட வேண்டும். அவனுக்குப் பதிலாக இன்னொரு தாக்குதல்காரன் வேலியைத் தாண்டி உள்ளே குதிப்பான். ஆறு பேர் சேர்ந்து தாக்கலாம். கூட்டுக்கு முன்னால் மட்டும் ஆள் இருக்காது.

திருடனைப் பிடிக்க வேண்டும் என்று வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு ஓடுவதுபோல இருந்தது முகக்கவசத்துக்கு. அந்தக் குளிர்காலத்தில் முதல் தடவை அப்படி ஓடியபோது, எதிரணிக்காரன் ஒருவன் மறுகோடியிலிருந்து பக்கைத் தட்டிவிட்டான். அது அவசரமே இல்லாமல் ஐஸ் முழுவதையும் கடந்து போய் வெறுங்கூட்டில் விழுந்தது. வேலிக்கு வெளியே இருந்ததால் முகக்கவசம் சிவப்பு விளக்கை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தது. அடுத்த வாரமும் அதே கதை.

“உம்மைத் தனிய விட்டிட்டுப் போக எனக்கு மனமில்லை,” என்றது முகக்கவசம், கூட்டிடம்.

“நான் தனிய நிண்டு பழகினனான்,” என்றது கூடு. “அது சரி, எனக்குள்ளை என்ன கிடக்கெண்டு இவ்வளவு பாடுபட்டுக் காக்கிறீர்?”

முகக்கவசம் திரும்பிப் பார்த்தால்தானே பதில் சொல்ல. அதன் கண்களோ முன்பக்கம் வரைந்தவை. கூட்டுக்குக் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டது.

கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பயந்தது நடந்தால், அப்போதே சொன்னேனே என்பார்கள். நடக்காவிட்டால், நான் பயந்ததால்தான் நடக்கவில்லை என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அவர்கள் கணக்கு சரியாக வரும். முகக்கவசமும் ஒரு முடிவுக்கு வந்தது. இனிமேல் ஆரூரனைக் கூட்டை விட்டு நகர விடுவதில்லை.

அதற்குத் தோதான இடத்தில்தான் அது இருந்தது. ஆரூரனின் இரண்டு காதும் அதற்குள்தான். கடைசி நிமிடங்கள் வந்ததும் மெல்ல ஓதத் தொடங்கும். “அங்கை பாராதை. அந்தாளின்ர கையைப் பாராதை. பக்கைப் பார்.” ஆரூரன் அதைத் தன் மனசு சொல்வதாகவே எடுத்துக்கொண்டான். பயம் எப்போதும் நம்முடைய குரலில்தான் பேசும், வேறு எவனாவது பேசினால் ஓங்கி ஒன்று விட்டுவிட மாட்டோமா.

தை மாதத்தில் ஓர் ஆட்டம். ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். கோச் மர்டொக் கையை உயர்த்தினார். ஆரூரன் கிளம்பினான். பாதி வழியில் முகக்கவசம், “திரும்பிப் பார்,” என்றது. அவன் திரும்பிப் பார்த்துத் தயங்கினான். வேலியில் காத்திருந்த தாக்குதல்காரன் பாஸ்கால், இவன் வந்துவிட்டான் என்று நம்பி உள்ளே குதித்துவிட்டான். ஒரே நேரத்தில் ஐஸில் ஏழு பேர். நடுவர் விசில் ஊதினார். ஆள் கூடிப்போன குற்றத்துக்கு ஒருவனைத் தண்டனைப் பெட்டியில் உட்கார வைத்தார்கள், மீதி நேரமும் அப்படியே வீணாய்ப் போனது.

உடைமாற்றும் அறையில் கோச் ஆரூரனை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். வருவதென்றால் வா, இல்லையென்றால் வராதே, நடுவழியில் நின்று யோசிக்காதே என்றார். அவர் சொன்னதில் முகக்கவசம் நடுவிலிருந்த இரண்டு சொல்லை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டது: இல்லையென்றால் வராதே.

அடுத்த ஆட்டத்தன்று கூட்டிடம் பெருமை வேறு பேசியது. “ஒரு கோலாலைதானே தோத்தனாங்கள். வெறுங்கூட்டிலை ஒண்டும் விழ விடேல்லை.”

“தலைக்கு மேலை வெள்ளம் போனாப் பிறகு சாண் என்ன, முழம் என்ன?” என்றது கூடு.

ஆரூரனின் அம்மா மங்கையர்க்கரசி உள்ளூர் ஆட்டம் ஒன்றையும் விடமாட்டாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதல் வரிசையில் இருப்பாள். கடைசி நிமிடங்களில் மட்டும் கழுத்துத் துணியால் கண்களைப் பொத்திக்கொள்வாள். பிள்ளை அடிபடுவதைக்கூடப் பார்த்துவிடுவாள், பிள்ளை இல்லாத கூட்டை அவளால் பார்க்க முடியாது. ஒருநாள் காரில் போகும்போது சொன்னாள்.

“அந்த வெறுங்கூட்டைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுது, தம்பி. நீ உன்ர இடத்திலை நில். பிறகு ஆரும் உன்னைக் குறை சொல்லேலாது.”

பின்னிருக்கையில், பைக்குள் கிடந்த முகக்கவசத்துக்கு மனம் குளிர்ந்துபோனது. பெற்ற தாயே சொல்லிவிட்டாள், இனி யார் என்ன சொல்ல.

இழுபறியாகவே பருவம் முடிவுக்கு வந்தது. கடைசி ஆட்டம் சொந்த ஊரில், சுரங்க ஊர்க்காரர்களின் அணியோடு. வெல்லக்கூடத் தேவையில்லை, சமன் செய்தாலே எட்டாம் இடம் கிடைத்துவிடும். தோற்றால் வீடு. எட்டுக்குள் போனால் அடுத்த பருவமும் ஆரூரன்தான் கோல்காப்பாளன் என்று கோச் சொல்லியிருந்தார். போகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, ஆரூரனும் கேட்கவில்லை. பாஸ்காலுக்கு அதைவிடப் பெரிய பாடு. அணியிலேயே வயதில் மூத்தவன் அவன். இரண்டு முழங்காலும் போய்விட்டன, இந்தப் பருவத்தோடு சரி. இத்தனை வருஷம் ஆடியும் ஒரு தடவைகூட இறுதிச்சுற்றைப் பார்த்ததில்லை.

அன்று ஆரூரன் ஆடிய ஆட்டத்தை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. மார்பில் வாங்கினான், கணுக்காலில் வாங்கினான், முகக்கவசத்தின் தாடையில் ஒன்று விழுந்து அதன் வர்ணம் பெயர்ந்தது. அப்படியும் இரண்டு கோல் உள்ளே போனது. பனி ஆந்தைகள் திருப்பிப் போட்டது ஒன்று. கடைசி நிமிடங்கள் வந்துவிட்டன.

கோச் கையை உயர்த்தினார். பாஸ்கால் ஒரு காலைத் தூக்கி வேலிக்கு மேல் போட்டபடி தயாராக உட்கார்ந்தான்.

ஆரூரன் புறப்பட்டான். சரியாக அந்த நேரம் பக் இவன் பக்கம் திரும்பி வந்தது. அவன் பின்வாங்கிக் கூட்டுக்கு வந்தான். அதில் தப்பில்லை, எந்தக் கோல்காப்பாளனும் அதைத்தான் செய்வான். பனி ஆந்தைகள் பக்கைப் பறித்து மறுபடி எதிர்க்கோடிக்குக் கொண்டுபோனார்கள். இப்போது வழி திறந்து கிடந்தது. கோச் இரண்டு கையையும் வீசிக் கூப்பிட்டார். அரங்கமே எழுந்து நின்று போ, போ என்று கத்தியது.

“போம்,” என்றது கூடு. “எனக்கு ஒண்டும் நடக்காது.”

“விழுந்திட்டால்?”

“விழுந்தால் விழட்டும். இப்பவும் தோல்விதானே நடந்துகொண்டிருக்கு.”

முகக்கவசத்துக்கு அது காதில் ஏறவில்லை. அதன் மனசில் இருந்ததெல்லாம் அந்தச் சிவப்பு விளக்குத்தான். தையில் ஊதிய விசில் ஒரு பக்கம் கேட்டது, காரில் அம்மா சொன்னது ஒரு பக்கம் கேட்டது. ஆரூரன் நாலு எட்டு சறுக்கியிருப்பான். “திரும்பிப் பார்,” என்றது முகக்கவசம். “ஒரேயொருக்கால் பார்த்தால் காணும்.”

அவன் பார்த்தான். வாயைத் திறந்துகொண்டு நின்ற வெறுங்கூட்டைப் பார்த்ததும் அவன் கால் ஓடவில்லை. இனிப் போனாலும் பிந்திவிட்டது, இனிப் போனால் மறுபடி விசில் ஊதுவார்கள், இனிப் போவதைவிட நிற்பதே மேல் என்று முகக்கவசம் மூச்சு விடாமல் ஓதியது. பாஸ்கால் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக ஆரூரனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆரூரன் குனிந்து, மெல்லப் பின்னால் சறுக்கிக் கூட்டுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். கோச்சின் கைகள் தாமாகக் கீழே இறங்கின.

எதிர்க்கோடியில் ஐந்து பேரை ஐந்து பேர் முட்டிப் பார்த்தார்கள், வழி கிடைக்கவில்லை. பக் சுரங்க ஊர்க்காரன் ஒருவனிடம் சிக்கியது. அவன் தனியாகப் பாய்ந்து வந்து, இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் அடித்தான். ஆரூரன் உடம்பை முழுதாக நீட்டி விழுந்து, கையுறையின் நுனியில் அதைப் பிடித்தான். பருவத்திலேயே அப்படி ஒரு பிடி பிடித்ததில்லை. முகக்கவசம் பூரித்துப்போய்க் கைதட்டலுக்குக் காத்திருந்தது. ஒருவரும் தட்டவில்லை. மீதி நொடிகளும் கரைந்து ஆட்டம் முடிந்ததற்கான சங்கு ஊதியது.

மங்கையர்க்கரசி கண்ணிலிருந்து துணியை எடுத்தாள். மகன் கூட்டுக்கு முன்னால் நிற்பதைக் கண்டதும் அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. பிறகுதான், ஆரவாரம் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும் வருவது அவளுக்குக் கேட்டது. துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொருவனாக வந்து கோல்காப்பாளனின் கால்காப்பில் மட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவது வழக்கம். வென்றாலும் தோற்றாலும் அதில் மாற்றமில்லை. அன்றும் எல்லோரும் வந்து தட்டினார்கள், ஒருவனும் முகத்தைப் பார்க்கவில்லை. பாஸ்கால் கடைசியாக வந்தான். வேலிமேல் போட்ட காலை இறக்க அவனுக்கு நேரமாகிவிட்டது. ஆரூரனின் தோளில் கை வைத்து, நல்ல பிடி என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான், அந்த ஒரு சொல்லை ஆரூரனால் தாங்க முடியவில்லை. முகக்கவசத்துக்குள்ளேயே அழுதான்.

முகக்கவசத்துக்கு ஒன்றும் புரியவில்லை. உட்புறம் நனைவது தெரிந்தது. வியர்வை என்று நினைத்துக்கொண்டது.

பருவம் முடிந்துவிட்டதால், கோல்கூட்டைக் கழற்றி இழுத்துப்போக இரண்டு வேலையாட்கள் வந்தார்கள். முகக்கவசம் அவசரமாக அதனிடம் சொன்னது.

“கண்டீரே? வெறுங்கூட்டிலை ஒண்டும் விழேல்லை. கடைசி மட்டும் நிண்டு காத்தனான்.”

“ஓம், நல்லாத்தான் காத்தனீர்,” என்றது கூடு, ஐஸில் இழுபட்டுப் போய்க்கொண்டே. “உம்மட தோல்வியிலை ஒரு கீறல்கூட விழேல்லை.”