கொட்டாவி விட்ட நூல்

மலையடிவாரக் காட்டில் ஒரு மலை அணில் ஆடை நிறுவனம் நடத்திவந்தது. எல்லா விலங்குகளும் அதை 'அணிலார்' என்றே அழைத்தன. அணிலாருக்கும் அது பிடித்திருந்தது.

அங்கே தைத்தது மழை அங்கி. தானாக உதிர்ந்த இலைகளை மட்டுமே எடுப்பார்கள். கிளையில் இருக்கும் இலையை யாராவது தொட்டால் அணிலாருக்குக் கோபம் வந்துவிடும். சாயம் கிடையாது. வெட்டி மிஞ்சிய துண்டுகளை நத்தைகள் தின்றன. பக்கத்து ஓடையில் மீனின் கண் தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது. பனி இறங்கும் வேளையில் அந்த அங்கிகளைப் போட்டுக்கொண்டு மான்களும் முயல்களும் போகும்போது, காடே மெல்ல எழுந்து உலாவுவதுபோல இருக்கும்.

தைத்தவை முசுறு எறும்புகள். மரத்தில் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுமே, அந்தச் சிவப்பு எறும்புகள்தான். கூலி, பலாச்சுளை.

முசுறுகளிடம் ஊசி இல்லை. கால் முளைக்காத வெள்ளைப் புழுக்கள்தான் அவற்றின் குழந்தைகள். அந்தக் குழந்தைகளின் வாயிலிருந்து பட்டுப்போல இழை வரும். பெரிய எறும்பு குழந்தையை வாயில் கவ்விக்கொண்டு இந்த இலை ஓரத்தையும் அந்த இலை ஓரத்தையும் மாறி மாறித் தொடவைக்கும். இலைகள் ஒட்டிக்கொள்ளும்.

முன்பெல்லாம் கூடு கட்ட எப்போதாவது செய்த வேலை அது. குழந்தைகள் கொஞ்சம் இழை கொடுக்கும். மிச்சத்தைத் தமக்கு வைத்துக்கொள்ளும். வளர்ந்ததும் அந்த மிச்சத்தால் தம்மைச் சுற்றிக்கொண்டு நெடுந்தூக்கம் தூங்கும். விழிக்கும்போது எறும்பாக எழும்.

நிறுவனம் வந்தபின் தையல் தினசரி வேலையாகிவிட்டது. 'குழந்தையை எடு, குழந்தையை மாத்து' என்று நாள் முழுக்கச் சொல்ல முசுறுகளுக்கு ஏனோ கூசியது. 'நூலை எடு, நூலை மாத்து' என்றன. பிறகு கூசவில்லை.

செம்பா என்ற முசுறு பிடித்திருந்த நூல் மிகவும் மெலிந்தது. கால் முளைக்கும்வரை பெயர் வைப்பது முசுறுகளின் வழக்கமில்லை. ஆனாலும் செம்பா அதற்கு ரகசியமாக 'வெண்ணி' என்று பெயர் வைத்திருந்தது.

"அக்கா, தூக்கம் வருது" என்றது வெண்ணி.

செம்பா அதை இலைமேல் வைத்துவிட்டுச் சொன்னது: "இந்த அங்கி முடியட்டும், கண்ணு."

"முடிஞ்சா?"

"அடுத்தது இருக்கு."

"நான் ஒரு கனா கண்டேன் அக்கா. ஓடையில மிதந்து போறேன். ரொம்ப தூரம் போறேன். ஒட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல!"

செம்பா வெண்ணியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே இழை கொஞ்சம்தான் இருந்தது. போர்த்திக்கொள்ள இழை இல்லாமல் தூங்கப்போன குழந்தைகள் பனியில் விறைத்துக் கிடந்ததைச் செம்பா பார்த்திருக்கிறது. அதைப் பற்றிக் கூட்டில் யாரும் பேசவில்லை. 'நூல் அறுந்துபோச்சு' என்றார்கள்.

அப்போதுதான் தேவாங்கு வந்தது. மேல்மலை மந்திகள் மழை அங்கி கேட்டிருந்தன. ஆனால் யாருக்கும் தீங்கில்லாமல் தைத்தது என்று பச்சை முத்திரை குத்திய அங்கிதான் வேண்டும் என்றன. முத்திரை குத்துவது தேவாங்கின் வேலை. பகலில் தூங்கும் பிராணி. கண்ணைக் கசக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தது.

இலைகளை முகர்ந்தது. ஓடைத் தண்ணீரைக் குடித்தது. நத்தை ஒன்றிடம், "சாப்பாடெல்லாம் எப்படி?" என்றது.

"நல்லா இருக்குங்க. உப்பு மட்டும் போடச் சொல்லிடாதீங்க!" என்றது நத்தை.

தேவாங்கு அணிலாரிடம் திரும்பியது. "சின்னப் பிள்ளைங்க யாராவது வேலை செய்யுறாங்களா?"

"அய்யய்யோ, அந்தப் பாவம் நமக்கு வேண்டாங்க! எல்லாம் வளர்ந்த ஆளுங்க. காலை எண்ணிப் பாருங்க, ஒவ்வொருத்தருக்கும் ஆறு!"

"சரி. நூல் எங்கே வாங்குறீங்க?"

அணிலார் தையலை மேற்பார்க்கும் எறும்பின் பக்கம் திரும்பினார். இத்தனை காலத்தில் அதை அவர் கேட்டதே இல்லை. "மேஸ்திரி! நமக்கு நூல் எங்கேர்ந்து வருது?"

"வீட்டு நூல்தான் முதலாளி. வெளியில வாங்குறதில்ல" என்றது மேஸ்திரி முசுறு.

"பார்த்தீங்களா, வீட்டு நூல்!" அணிலாரின் வால் விரிந்தது.

"கொஞ்சம் காட்டுங்க."

பக்கத்தில் இருந்தது செம்பா. அதன் வாயில் வெண்ணி தொங்கியது. தேவாங்கு தன் பெரிய கண்களோடு குனிந்தது. அந்த நேரம் பார்த்து வெண்ணி நீளமாக ஒரு கொட்டாவி விட்டது.

"என்னங்க இது, நூல் கொட்டாவி விடுது!"

"ஈரக் காத்துங்க" என்றது மேஸ்திரி. "ஈரத்துல நூல் இப்படித்தான் வாயைப் பிளக்கும்."

"இதுக்குப் பேரு ஏதாச்சும் உண்டா?"

"நூலுக்கு எதுக்குங்க பேரு?"

தேவாங்கு மேஸ்திரியைப் பார்க்கவில்லை. "நீ சொல்லும்மா" என்றது செம்பாவிடம்.

வாயில் குழந்தையைக் கவ்வியபடி எந்த முசுறும் பேச முடியாது. அதனால்தான் அந்தத் தையல் இடம் எப்போதும் அத்தனை அமைதி. சுற்றிலும் வாய் நிறைந்த எறும்புகள் வேலையை நிறுத்திவிட்டுச் செம்பாவைப் பார்த்தன. பேசாதே, பலாச்சுளை போய்விடும் என்று அந்தக் கண்கள் சொல்லின.

செம்பா, பாதி தைத்த அங்கியின்மேல் வெண்ணியை மெதுவாக இறக்கி வைத்தது.

"வெண்ணிங்க. என் தங்கச்சி. இது நூல் இல்ல. குழந்தை."

"அடிப்பாவி! எல்லார் பொழப்புலயும் மண்ணைப் போட்டுட்டியே!" என்று கத்தியது மேஸ்திரி.

அணிலாரின் வால் தொங்கிப்போனது. "நூல்னுதானே எல்லாரும் சொன்னீங்க!"

"நீங்க இலையைப் பத்திக் கேட்டீங்க முதலாளி. ஓடையைப் பத்திக் கேட்டீங்க. இதைக் கேட்கல. நாங்களும் சொல்லல" என்றது செம்பா.

ஓரத்தில் இருந்த ஓர் எறும்பு தன் வாயில் இருந்ததைக் கீழே வைத்தது. "இதுக்கு நான் பேரே வைக்கலியே" என்றது. இன்னொன்றும் வைத்தது. பிறகு எல்லாமும் வைத்தன. பிடிப்பு விட்டதும், பாதி தைத்திருந்த அங்கிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. கைகள் பிரிந்தன, கழுத்துகள் பிரிந்தன. வெறும் இலைகளாகிப் பனிக்குள் சுழன்று இறங்கின. யாரும் அவற்றைப் பொறுக்கவில்லை.

தேவாங்கு முத்திரையைக் குத்தாமல் மடியில் வைத்துக்கொண்டது.

"அப்போ மந்திங்க?" என்றார் அணிலார், ஈனக்குரலில்.

"நனைஞ்சா காய்ஞ்சிடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தேவாங்கு தூங்கப் போனது.

வெண்ணி தன்னைச் சுற்றிக்கொள்ளத் தொடங்கியது. இழை பாதி உடம்புக்குத்தான் வந்தது. அதன்பின் வரவில்லை. செம்பா பதறிப்போய் ஓர் இலையால் அதை மூடியது, திறந்தது, மறுபடி மூடியது. பனியோ இறங்கிக்கொண்டே இருந்தது.

அணிலார் பார்த்துக்கொண்டு நின்றார். காட்டிலேயே அழகான வால் அவருடையது. அதிலிருந்து ஒரு கொத்து முடியைப் பிடுங்கினார். வலியில் பல்லைக் கடித்தார். அதை வெண்ணியின்மேல் பரப்பினார். பிறகு மற்றக் குழந்தைகளுக்காக இன்னும் ஒரு கொத்து, இன்னும் ஒரு கொத்து.

அந்த மழைக்காலத்தில் கற்றாழை நாரால்தான் அங்கி தைத்தார்கள். வேலை மெதுவாக நடந்தது. அங்கிகள் குறைந்தன. மான்கள் முணுமுணுத்தன. பலாச்சுளையும் குறைந்தது, முசுறுகளும் முணுமுணுத்தன. மேஸ்திரி செம்பாவிடம் பேசவே இல்லை.

வெயில் வந்த ஒரு காலையில் முடிப் போர்வை அசைந்தது. செம்பா ஓடிப்போய்க் காதை வைத்தது.

"அக்கா" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல், "இன்னும் கொஞ்ச நேரம்!"

"தூங்குடி, தூங்கு!" என்றது செம்பா.

இலைக்கும் ஓடைக்கும் தீங்கு செய்யாத ஆடையானாலும், அதைத் தைத்தவர் வீட்டுக் குழந்தை நிம்மதியாகத் தூங்கினால்தான் அது நல்ல ஆடை.